வளைந்த கத்தியும் மழுங்கிய நுனியும்

கேள்வி: ஐயா, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சமையலறைக் கத்தி வைத்திருக்கிறேன். பிடிக்கு அருகே வாய் நேராக இருக்கும், போகப்போக வளைந்து நுனிக்கு ஏறும். ஒரு வருடமாக 1000 கிரிட் கல்லில் (கிரிட் என்பது கல்லின் துகள் அளவைச் சொல்லும் எண், எண் கூடினால் கல் நுண்மையானது) நானே தீட்டி வருகிறேன். நேராக உள்ள பகுதி நன்றாக வெட்டுகிறது. வளைவு மட்டும் மொன்னையாகவே இருக்கிறது. நுனி உருண்டு போய்விட்டது. போன மாதம் கீழே விழுந்ததில் நுனியில் 3 மில்லிமீட்டர் உடைந்தும் விட்டது. சாணைச் சக்கரத்தில் கொடுத்துச் சரி செய்யலாமா, வீட்டிலேயே முடியுமா? தோட்டத்தில் கிளை நறுக்கும் கொக்கிக் கத்தி ஒன்றும் இருக்கிறது. அதன் வாய் உள்பக்கமாக வளைந்திருப்பதால் கல் படுவதே இல்லை. அதை எப்படித் தீட்டுவது? எத்தனை நாளுக்கு ஒருமுறை தீட்ட வேண்டும்?

பதில்: வணக்கம். நேராக உள்ள பகுதி நன்றாக வெட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. உங்கள் கல்லில் குறை இல்லை. கத்தியின் எஃகிலும் குறை இல்லை. கோணம் பிடிக்கவும், பிசிர் (தீட்டும்போது வாய் ஓரத்தில் மறுபக்கம் எழும் மெல்லிய எஃகு விளிம்பு) எடுக்கவும் உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டது. தொல்லை கடைசி நான்கைந்து சென்டிமீட்டரில் மட்டும்தான். கத்தி தீட்டக் கற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் நிற்கிற இடம் அது. காரணம் புரிந்துவிட்டால் கை தானாகத் திருந்தும் என்பதால், முதலில் காரணத்தைச் சொல்கிறேன்.

நேரான பகுதியைத் தீட்டும்போது கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு உயரத்துக்குத் தூக்கி வைக்கிறீர்கள். உங்கள் கத்தி பிடிக்கு அருகே சுமார் 45 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். முதுகை 12 மில்லிமீட்டர் தூக்கினால் வாய் கல்லோடு 15 டிகிரிக்குச் சற்று மேலான கோணத்தில் அமரும். சமையலறைக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை வழக்கமான கோணம். ஆக, அங்கே எல்லாம் சரி. இப்போது நுனிப் பக்கம் வாருங்கள். அகலம் குறைந்துகொண்டே வருகிறது. வாயிலிருந்து முதுகு வரை 20 மில்லிமீட்டர்தான் இருக்கும் இடத்திலும் முதுகை அதே 12 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தால் கோணம் ஏறக்குறைய 37 டிகிரி ஆகிவிடும். அது தீட்டுவதல்ல, வாயைத் தட்டையாக்குவது. அந்த இடத்தில் 15 டிகிரி கிடைக்க முதுகு 5 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்க வேண்டும். முதுகுக்கு அடியில் நாணயங்களை அடுக்கி உயரம் பார்ப்பவர்கள் நுனியைத் தொலைப்பது இதனால்தான். உயரம் ஒன்றாகவே இருக்கிறது, கோணமோ ஓடிவிடுகிறது.

இன்னொரு பக்கத்துத் தவறும் உண்டு. கைப்பிடியைத் தூக்காமலே இழுத்துக்கொண்டு போனால், வாய் மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடத்திலேயே அது கல்லை விட்டு எழும்பிவிடும். வளைவில் கல் படவே படாது. உங்கள் கத்தியில் வளைவு மொன்னையாக இருப்பதற்கும் நுனி உருண்டதற்கும் காரணம் ஒன்றல்ல, இரண்டு என்றே நினைக்கிறேன். வளைவின் தொடக்கத்தில் கல் படவில்லை. அதைச் சரிக்கட்ட வீச்சின் கடைசியில் மணிக்கட்டைத் திருப்பி நுனியை அழுத்தியிருக்கிறீர்கள், அங்கே கல் அளவுக்கு மேல் பட்டிருக்கிறது.

சரியான அசைவு எது? ஒரு தட்டைச் சற்றுச் சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் அதன் விளிம்பிலேயே உருட்டிவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு உருளும்போது தரையைத் தொடும் புள்ளி மாறிக்கொண்டே போகும், சாய்வு மட்டும் மாறாது. கத்தியின் வளைவும் கல்லின் மேல் அப்படித்தான் உருள வேண்டும். அலகின் பக்கவாட்டுச் சாய்வை மணிக்கட்டில் பூட்டிவிடுங்கள். அதற்குமேல் கை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தொடும் புள்ளி நுனியை நோக்கி நகர நகரக் கைப்பிடி மெல்ல உயர வேண்டும்.

எவ்வளவு உயர வேண்டும் என்பதில்தான் பலருக்கும் கணக்குத் தப்புகிறது. கல்லைத் தொடும் இடத்திலிருந்து உங்கள் கை 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, அந்த இடத்தில் வாய் நேர்க்கோட்டிலிருந்து 30 டிகிரி வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி சாய்வுக்குக் கைப்பிடி உயர வேண்டியது இரண்டரை சென்டிமீட்டர்தான். 20 டிகிரி சாய்வு என்றால் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான். முழங்கை ஒரு விரற்கடை எழும்பினால் இது நடந்துவிடும். பார்க்கிறவர்களுக்குக் கை உயர்ந்ததே தெரியாது. தீட்டப் புதிதாகத் தொடங்கியவர்கள் பத்து சென்டிமீட்டர் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அலகு செங்குத்தை நோக்கிப் போகும், நுனி கல்லைக் குத்தும்.

இதை உங்கள் கத்தியிலேயே பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. வாயின் இரண்டு பக்கச் சரிவிலும், வளைவு தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை, கறுப்பு மார்க்கரால் பட்டையாக மை பூசுங்கள். கல்லில் இரண்டே முறை, அழுத்தமில்லாமல், வழக்கப்படி இழுத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மை முழுதாக அப்படியே இருக்கும் இடத்தில் கல் படவில்லை, கைப்பிடி உயரவில்லை என்று பொருள். சரிவின் மேல்பகுதியில் மட்டும் மை போய், வாய் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சியிருந்தால் அலகு அளவுக்கு மேல் படுத்திருக்கிறது. வாய் ஓரத்தில் மட்டும் பளபளப்பு, மேலே முழுக்கக் கறுப்பு என்றால் அலகு நிமிர்ந்துவிட்டது. உங்கள் கத்தியில் கடைசி ஒரு சென்டிமீட்டரில் இந்த மூன்றாவது அடையாளத்தைத்தான் காண்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். மையைத் துடைத்துவிட்டு மறுபடி பூசி, கைப்பிடியின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றி, மறுபடி இரண்டு இழுப்பு. சரிவின் மேலிருந்து கீழ் வரை மை ஒரே சீராகப் போகும் வரை இதைச் செய்யுங்கள். தீட்டும் வேலையை அன்றைக்குத் தொடங்கக்கூட வேண்டாம். இந்தப் பழக்கம் மட்டும் ஒரு மாலை நேரத்துக்குப் போதும்.

அப்புறம், பிடி முதல் நுனி வரை ஒரே வீச்சில் இழுக்கும் முறையை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்வேன். அழகாகத் தெரியும், ஆனால் கை முழுக்கப் பழகியவர்களுக்குத்தான் அது பொருந்தும். வாயை நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நேரான பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, நுனியை ஒட்டிய கடைசி இரண்டு சென்டிமீட்டர் ஒன்று. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தீட்டுங்கள். இடது கை விரல்கள் அந்தத் துண்டுக்கு நேர்மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் விரல் அழுத்தும் இடத்தில்தான் கல் தின்னும். துண்டு மாறும்போது விரலையும் மாற்றுங்கள். நுனித் துண்டுக்கு வரும்போது இரண்டு மூன்று விரல் வேண்டாம், ஒரு விரலின் நுனி போதும். அதையும் கத்தியின் உச்சியில் வைக்காமல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள்.

அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேரான பகுதியைத் தீட்டும்போது கல்லின் அகலம் முழுவதும் வாய் படுகிறது, உங்கள் கையின் எடை அந்த நீளம் முழுக்கப் பரவுகிறது. வளைவில் கல்லைத் தொடுவது சில மில்லிமீட்டர் நீளம்தான். அதே எடை அந்தச் சின்ன இடத்தில் இறங்கினால் எஃகு பல மடங்கு வேகமாகத் தேயும். ஆகவே வளைவில் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள், நுனியில் இன்னும் பாதியாக்குங்கள். சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து, தீட்டும்போது எவ்வளவு எடை காட்டுகிறது என்று ஒருமுறை பாருங்கள். நேரான பகுதிக்கு ஒரு கிலோ அளவு சரி. நுனிக்கு 250 கிராமுக்கு மேல் போக வேண்டாம். இழுப்புகளின் எண்ணிக்கையும் நுனியில் குறைவாகவே இருக்கட்டும்.

இனி இந்தப் பதிலிலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நுனி உருள்வது பெரும்பாலும் கல்லின் மேல் அல்ல, கல்லை விட்டு வெளியே போகும் அந்தக் கணத்தில்தான். நுனி கல்லின் ஓரத்தைத் தாண்டும்போது கையின் அழுத்தம் கீழ்நோக்கி இருக்கும், தாங்கக் கல் இருக்காது. அலகு சட்டென்று கீழே இறங்கும், கல்லின் கூரான ஓரம் நுனியைக் குறுக்காகச் சுரண்டிவிடும். ஒருமுறைக்கு இது கண்ணுக்கே தெரியாது. நூறு முறை ஆனால் நுனி காணாமல் போயிருக்கும். இழுத்துத் தீட்டும் பள்ளம் வைத்த கருவிகளிலும் இதே கதைதான், பள்ளத்திலிருந்து நுனி வெளியே வரும்போது தேய்ந்துவிடும். எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நுனி ஒருபோதும் கல்லைத் தாண்டக் கூடாது. கல்லின் ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே இழுப்பு நிற்க வேண்டும். நின்ற பிறகு கத்தியை நேராக மேலே எடுத்து, மறுபடி தொடங்கிய இடத்தில் வைக்க வேண்டும். மெதுவான வேலைதான். நுனியில் வேகத்துக்கு இடமில்லை.

கடைசித் துண்டில் முன்னும் பின்னும் தேய்க்கவும் வேண்டாம். முதுகு முன்னே போக, வாய் பின்னால் வரும் திசையில் மட்டும் தீட்டுங்கள். வாயை முன்னால் தள்ளினால், அதுவும் மிருதுவான நீர்க்கல்லாக (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லாக) இருந்தால், நுனி கல்லுக்குள் இறங்கிக் கீறிவிடும். கல்லுக்கும் கேடு, நுனிக்கும் கேடு.

உங்கள் கல்லையும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு வருடம் தீட்டிய கல்லின் நடுப்பகுதி குழிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குழிந்த கல்லில் எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் வாயின் கோணம் இடத்துக்கு இடம் மாறும், நுனி உருளும். ஒரு எஃகு அளவுகோலை அதன் ஓரம் கல்லில் படும்படி குறுக்காக நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் கல் குழிந்துவிட்டது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தட்டையான கண்ணாடியின் மேல் வைத்த நீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புக்காகிதம்) தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. கல்லின் நான்கு ஓரக் கூர்களையும் கொஞ்சம் சாய்த்துத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். தப்பித்தவறி நுனி வெளியே போனாலும் சேதம் குறையும்.

சரி, உடைந்த நுனிக்கு வருவோம். சாணைச் சக்கரம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தில் வேலை செய்பவர் நல்ல கைகாரராக, அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தீட்டுபவராக இருந்தால் வேறு விஷயம். பொதுவாக நடப்பது என்னவென்றால், நுனி மிக மெல்லிய இடம் என்பதால் சூடு அங்கே நொடியில் ஏறிவிடும். கத்தி எஃகைக் கடினமாக்கிய பிறகு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் அளவில் திரும்பச் சூடாக்கித்தான் பதம் வைக்கிறார்கள். உலர்ந்த சக்கரத்தில் நுனி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். தாண்டினால் பதம் போய்விடும், அந்த இடம் மிருதுவாகி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நுனியில் மஞ்சளாகவோ நீலமாகவோ நிறம் ஏறியிருந்தால் அந்த எஃகை நம்ப வேண்டாம்.

3 மில்லிமீட்டர் உடைவைக் கையாலேயே சரி செய்துவிடலாம். இதில் பலரும் வாய்ப்பக்கத்திலிருந்து தேய்த்து வளைவை மேலே கொண்டுபோய் நுனியோடு சேர்க்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் நல்ல வாய் வீணாகும், கத்தியின் வடிவமும் மாறும், நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தேய்க்க வேண்டியது முதுகுப் பக்கம். உடைந்த இடத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் கிட்டத்தட்ட செங்குத்தான ஒரு சிறு சுவர் தெரியும். அதன் கீழ்மூலை, அதாவது வாயைத் தொடும் மூலைதான் இனி உங்கள் நுனி. அந்த மூலையிலிருந்து முதுகு வரை, சுமார் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் போய்ச் சேரும்படி மெல்லிய வளைகோடு ஒன்றை மார்க்கரால் வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் எஃகுதான் போக வேண்டியது.

இதற்கு 1000 கிரிட் கல் உதவாது, நாள் முழுக்கத் தேய்க்க வேண்டியிருக்கும். 220 அல்லது அதை ஒட்டிய கரடுமுரடான கல், இல்லையென்றால் வைரத் துகள் பதித்த தகடு வேண்டும். கல்லாக இருந்தால் அதன் மேல்முகத்தைப் பயன்படுத்தாதீர்கள், குறுகிய பக்கவாட்டு முகத்தைப் பயன்படுத்துங்கள். முதுகை வைத்துத் தேய்த்தால் கல்லில் பள்ளம் விழும், அது மேல்முகத்தில் விழ வேண்டாம். கல் ஆடாதபடி ஈரத்துணி மேல் வையுங்கள். முதுகு கீழே, வாய் மேலே பார்க்கும்படி கத்தியைப் பிடிக்க வேண்டியிருப்பதால், வாயின் மேல் தடித்த நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, கோட்டின் வளைவைத் தொடர்ந்து கத்தியை அசைத்து அசைத்துத் தேயுங்கள். அரை மணி நேரமாவது பிடிக்கும். கோட்டை நெருங்கியதும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வாயின் மூலையும் முதுகின் கோடும் ஒரு புள்ளியில் சந்தித்துவிட்டால் அதற்குமேல் ஒரு இழுப்புகூட வேண்டாம்.

இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். புதிய நுனி பழைய நுனியைவிடப் பின்னால் இருக்கிறது, அங்கே எஃகு தடிமனாக இருக்கும். பார்க்கக் கூராக இருந்தாலும் குத்தினால் இறங்காது. கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் அலகை நன்றாகப் படுக்க வைத்து, 5 டிகிரி போதும், இரண்டு பக்கமும் மாறி மாறித் தேய்த்து மெலிதாக்குங்கள். பக்கவாட்டில் கீறல் விழும். அது அழகுக் குறைவு மட்டும்தான், நுண்மையான உப்புக்காகிதத்தால் பின்னால் தேய்த்து மறைத்துவிடலாம். அதன் பிறகு வழக்கமான கோணத்தில் 1000 கிரிட் கல்லில் தீட்டி வாய் எடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: நுனியில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் போனதற்கெல்லாம் இந்தப் பாடு வேண்டாம். ஒழுங்காகத் தீட்டி வந்தாலே சில மாதங்களில் அது தானாகச் சரியாகிவிடும். உங்களுடையது 3 மில்லிமீட்டர் என்பதால்தான் இவ்வளவு சொன்னேன்.

பிசிர் எடுப்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் நுனியில் அதைத் தனியாகச் சோதியுங்கள். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும் திசையில் மெல்லத் தடவினால் பிசிர் தட்டுப்படும். வாய் நெடுக விரலை ஓட்டக் கூடாது. நேரான பகுதியில் பிசிர் கிடைத்துவிட்டது என்று பக்கம் மாற்றிவிடுகிறோம், வளைவில் அது வந்திருக்காது. நான்கு துண்டிலும் பிசிர் தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பிசிரை எடுக்கத் தோல்பட்டையில் இழுக்கும்போதும் நுனியில் கவனம். தோல் மிருதுவானது, அழுத்தினால் குழியும், குழிந்தால் வாயைச் சுற்றி மேலேறி நுனியை மழுக்கும். கத்தியின் சொந்த எடையே போதும். நுனி தோலின் ஓரத்தைத் தாண்டுவதற்கு முன் நிறுத்துங்கள். கத்தியை எடுக்காமல் அப்படியே முதுகின் மேல் புரட்டிப் பக்கம் மாற்றுங்கள். தோல்பட்டை இல்லாவிட்டால், மரப்பலகை மேல் விரித்த செய்தித்தாள் நன்றாகவே வேலை செய்யும்.

கொக்கிக் கத்தியைப் பொறுத்தவரை, தட்டையான கல்லோடு மல்லுக்கட்டுவதை நிறுத்துங்கள். உள்பக்கமாக வளைந்த வாயில் தட்டைக்கல் இரண்டு ஓரங்களில்தான் படும். மேலும் அழுத்தினால் வளைவே கெட்டுப் போகும். உருண்டையான ஏதாவது வேண்டும், அது கத்தியின் வளைவுக்குள் அடங்கும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். பீங்கான் தீட்டுகோல் நல்லது. இல்லையா, ஒரு மரக்குச்சியில் 400 கிரிட் நீர்த்தாளை இறுக்கமாகச் சுற்றி ஒட்டிக்கொள்ளுங்கள், அடுத்தது 800, அதற்கடுத்தது 1500. தீட்டும் முன் வாயில் ஒட்டியிருக்கும் செடிப் பிசினை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காகிதம் அடைத்துக்கொண்டு வழுக்கும்.

பெரும்பாலான கொக்கிக் கத்திகளில் சரிவு ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவுள்ள பக்கத்தை மட்டும்தான் தீட்ட வேண்டும். இங்கே அசைய வேண்டியது கத்தி அல்ல, கோல். கத்தியை மேசை விளிம்பில் அசையாமல் பிடித்துக்கொண்டு, சரிவின் மேல் கோலை ஒட்ட வைத்து, உள்ளிருந்து வாய்க்கு வெளியே போகும் திசையில், அதே நேரத்தில் பக்கவாட்டிலும் நகர்த்தித் தேயுங்கள். பக்கவாட்டு நகர்வைக் கொக்கியின் நுனியில் தொடங்கிப் பிடிப் பக்கம் முடியுங்கள். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் கோல் நுனியிலிருந்து நழுவி அதை உருட்டிவிடும். மறுபக்கத்தில் பிசிர் நெடுக எழுந்ததும், அந்தத் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்க வைத்து இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் போதும். தட்டைப் பக்கத்தைச் சாய்த்துத் தீட்டாதீர்கள். அங்கே ஒரு சரிவு உண்டாகிவிட்டால் வெட்டு சுத்தமாக விழாது, சீர் செய்யவும் நேரம் பிடிக்கும்.

தீட்டியது ஒரு பக்கம் இருக்க, நுனி உடைவது பெரும்பாலும் தீட்டாத நேரத்தில்தான். டப்பா மூடி நெம்புவது, உறைந்து ஒட்டிய துண்டுகளைப் பிரிப்பது, திருகாணி திருப்புவது ஆகியவற்றை நுனி தாங்காது. அது பக்கவாட்டு விசைக்காகச் செய்யப்பட்டதே இல்லை. கத்தி எவ்வளவு கடினமான எஃகோ அவ்வளவு சுலபமாக முறியும். மிருதுவான எஃகு வளையும், கடினமானது ஒடியும். கண்ணாடி, கல், பீங்கான் தட்டு ஆகியவற்றின் மேல் வெட்டினால் முதலில் போவது வளைவுப் பகுதியின் கூர், ஏனென்றால் ஒவ்வொரு வெட்டிலும் பலகையில் அழுந்துவது அதுதான். மரப்பலகை அல்லது பாலித்தீன் பலகை போதும். நறுக்கியதைக் கத்தியின் வாயால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளுங்கள். பாத்திரத் தொட்டியில் கத்தியைப் போட்டுவிட்டு நகர வேண்டாம், அங்கே நுனி எதில் மோதுகிறது என்று தெரியவும் தெரியாது, கை விடுகிறவருக்கும் ஆபத்து. கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், ஓரடி பின்னால் நகருங்கள். உடைந்த நுனியை எப்படிச் சரி செய்வது என்று மேலே எழுதிவிட்டேன், விரலுக்கு அப்படி எழுத முடியாது.

காந்தப் பட்டையில் மாட்டுவதாக இருந்தால் முதுகை முதலில் பட்டையில் சாய்த்து, பிறகு அலகைப் படிய விடுங்கள். எடுக்கும்போது வாய் முதலில் விலகி, முதுகு கடைசியில் வர வேண்டும். இழுப்பறையில் வைப்பதாக இருந்தால் நுனியில் ஒரு தக்கையைச் செருகுங்கள், அல்லது தடித்த அட்டையை மடித்து நாடா ஒட்டி உறை செய்யுங்கள். அட்டை உறையில் நுனி அடியைத் தொடாதபடி ஒரு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். தோட்டக் கத்தியைத் தோலுறையிலேயே மாதக்கணக்கில் விடுவது நல்லதல்ல. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு முதலில் பிடிப்பது வாயையும் நுனியையும்தான். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டிருக்கிறீர்கள். நாள் கணக்குச் சொல்வது சரியாக இருக்காது, கத்தியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விளக்குக்குக் கீழே வாயை உங்கள் கண்ணை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கோடே தெரியாது. எங்காவது வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. அதோடு ஒரு தாளை எடுத்து, கத்தியின் கடைசி இரண்டு சென்டிமீட்டரால் மட்டும் வெட்டிப் பாருங்கள். சிக்காமல் போனால் நுனியும் நன்றாக இருக்கிறது. சிக்கினால் முதலில் தோல்பட்டையில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு. அதிலும் சரியாகாவிட்டால்தான் கல். கல்லுக்குப் போக வேண்டியிருந்தாலும் முழு வாயையும் தீட்ட வேண்டும் என்பதில்லை. வளைவு மட்டும் மழுங்கியிருந்தால் ஒன்றிரண்டு முறை அந்தத் துண்டை மட்டும் தீட்டலாம். தொடர்ந்து அப்படியே செய்தால் அந்த இடம் உள்வாங்கி வாயின் வடிவம் மாறும் என்பதால், மூன்றாவது முறை பிடியிலிருந்து நுனி வரை முழுதாகத் தீட்டிவிடுங்கள். பிறகு வாயைப் பலகையில் வைத்து முன்னும் பின்னும் அசைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். எங்கும் இடைவெளி இல்லாமல் வாய் உருண்டு போனால் வடிவம் சரியாக இருக்கிறது.